காலண்டர் டிசைனில் ஏஐ படக் கருவியை எங்கே உட்கார வைப்பது

ஆடிப் பதினெட்டுக்குள், காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் தயாராக வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருடம் அந்த நாளில்தான் தொடங்குகிறது. பூஜை போட்டு அடுத்த வருடத்து ஆல்பத்தை வெளியிட்டதும், ஏஜென்டுகள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதமும் டிசைன் அறையில் விளக்கு அணையாது. அந்த அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கடந்த இரண்டு சீசனாக எங்களோடு ஒரு ஏஐ படக் கருவியும் வேலை செய்கிறது. அதை எப்படி நிறுவினோம், வேலை வரிசையில் எந்த இடம் கொடுத்தோம், எந்த இடத்துக்கு அதை விடவே இல்லை என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். நம்மூரில் இன்னும் பல சின்ன யூனிட்டுகள் இதைத் தொடங்கப் போகின்றன. நாங்கள் பட்ட சிரமத்தை அவர்களும் பட வேண்டியதில்லை.

கருவியை டவுன்லோடு செய்யும் முன்பு ஒரு தாளை எடுத்து உங்கள் வேலை வரிசையை எழுதுங்கள். எங்களுடையது இப்படி: ஓவியர் வரைந்த சாமி படத்தை ஸ்கேன் செய்வது, உருவத்தை மட்டும் வெட்டி எடுப்பது, பின்னணி சேர்ப்பது, அலங்காரமும் பார்டரும் போடுவது, கடைப்பெயர் எழுத்து அமைப்பது, நாலு கலருக்கு, அதாவது அச்சு மைகளான நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புக்கு மாற்றுவது, புரூஃப் என்ற சோதனைப் பிரதி, பிளேட் என்ற அச்சுத் தகடு. இதில் எங்களை அதிகம் இழுத்தடித்தது பின்னணிதான். மலை, அருவி, தாமரைக் குளம், கோயில் வாசல் என்று படங்களை விலைக்கு வாங்கிப் போடுவோம். ஒரு வருடம் நாங்கள் போட்ட அதே அருவி இன்னும் இரண்டு ஆல்பங்களில் இருந்தது. ஏஜென்டுகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எங்கள் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவானது, பின்னணியை இனிமேல் நாமே உருவாக்க வேண்டும் என்று. ஆகவே கருவிக்கு நாங்கள் கொடுத்தது அந்த ஒரு நாற்காலி மட்டும். உங்கள் யூனிட் கல்யாணப் பத்திரிகை செய்வதாக இருந்தால் அது பார்டர் பூவேலையாக இருக்கலாம். பட்டாசுப் பெட்டி லேபிள் செய்வதாக இருந்தால் வேறு ஒன்றாக இருக்கலாம். எந்த நாற்காலி என்று தெரியாமல் நிறுவினால் எல்லா வேலையிலும் அது தலையிடும், எதுவும் முடியாது.

சாமி உருவத்தை நாங்கள் இதில் செய்வதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் முடிந்தால் காலண்டரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டையில் இருக்கும் சாமி படத்தைப் பல வீடுகளில் தூக்கிப் போட மாட்டார்கள். கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் வைப்பார்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஓவியர் கொண்டையராஜு வரைந்த படங்கள் அப்படித்தான் வீடு வீடாகப் போயின. அவரும் அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடித்தது. அவர் 1976-இல் காலமானார். இன்றைக்கும் அந்தப் படங்களுக்கு முன்னால் விளக்கு ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற படத்தில் ஒரு கை கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ அந்தப் பிழை அந்த வீட்டுச் சுவரில் முப்பது வருடம் நிற்கும்.

இந்தக் கருவிக்கு லட்சணம் தெரியாது. நடராஜருக்குத் தூக்கிய கால் இடது கால். வலது பாதம் முயலகன் மேல் இருக்கும். உடுக்கை பின் வலக்கையில், தீ பின் இடக்கையில். நான் சோதனைக்காகக் கேட்ட ஒவ்வொரு முறையும் இவற்றில் ஏதாவது ஒன்று மாறி வந்தது. சண்முகருக்குப் பன்னிரண்டு கை கேட்டால் ஒன்பது வரும், பதினான்கு வரும். முதல் சீசனில் ஓர் ஆண்டாள் பின்னணியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். லேஅவுட்டுக்குச் சரியாக வரவேண்டும் என்று, உருவமும் பின்னணியும் சேர்ந்த முழுப் படத்தையும் நான் இடவலமாகத் திருப்பிவிட்டேன். புரூஃப் தாளைப் பார்த்த பைண்டிங் அக்கா, "கிளி வலக்கைக்கு வந்துருச்சே, கொண்டையும் மாறிப் போச்சே" என்றார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஆண்டாளை வாரா வாரம் பார்க்கிறவர். கிளி இருக்க வேண்டியது இடக்கையில், கொண்டை சாய்வதும் இடப்பக்கம்தான். பிளேட்டுக்குப் போகும் முன்பு அவர் பார்த்தது எங்கள் புண்ணியம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: உருவம் ஓவியர் கையிலிருந்து வரும், யாரும் அதைத் திருப்பக் கூடாது. பின்னணியை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஓவியருக்குக் கொடுக்கும் பணத்தையும் குறைக்கவில்லை. பின்னணிப் படம் வாங்கும் செலவுதான் மிச்சம்.

எழுத்தையும் இதனிடம் கேட்காதீர்கள். நாங்கள் பயன்படுத்தும் மாடல், அதாவது கருவிக்குள் படத்தை உருவாக்கும் மூளை, தமிழ் எழுத்தைப் போல ஏதோ சுழியைப் போடும், படிக்க முடியாது. கடைப்பெயரும் தேதியும் திதியும் எப்போதும்போல கோரல்டிராவில்தான்.

நிறுவுவது

இணையத்திலேயே படம் உருவாக்கித் தரும் சேவைகள் நிறைய உண்டு. நாங்கள் எங்கள் கணினியிலேயே ஓடும் கருவியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆல்பம்தான். ஆடிப் பதினெட்டு வரை டிசைன் வெளியே போகக் கூடாது. நம் படங்கள் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகாமல் இருப்பதே நிம்மதி. அப்புறம், ஒரு முறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை ஓடும்.

கருவியின் பெயர் கம்ஃபி யூஐ. இலவசம். இதன் உள்ளே ஓடும் மாடல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல், 2023 ஜூலையில் வெளியானது. அதற்குப் பிறகு புதிய மாடல்கள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் 12 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டில் தடுமாறாமல் ஓடுவதாலும், துணைக்கருவிகள் நிறைய இருப்பதாலும் நான் இதையே வைத்திருக்கிறேன். எங்களிடம் இருப்பது என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. வாங்கும்போது கடைக்காரர் 8 ஜிபி போதும் என்பார். பெரிய அளவு அச்சுக்கு வேலை செய்பவர்கள் 12-க்குக் கீழே போக வேண்டாம். கார்டு மட்டுமே 170 வாட் வரை இழுக்கும். பழைய யூபிஎஸ் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடல் எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். நாம் விற்பதற்காக அச்சடிக்கிறோம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல்லின் உரிமம் சில தடைகளோடு வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் 1 என்ற இன்னொரு மாடலில் ஷ்னெல் என்ற வடிவம், வணிகத்துக்கும் பயன்படுத்த விடும் அபாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. டெவ் என்ற வடிவமோ வணிகமல்லாத உரிமத்தில் வெளியானது. இரண்டும் ஒரே குடும்பம், பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

விண்டோஸ் கணினியாக இருந்தால் கம்ஃபி யூஐயின் போர்ட்டபிள் வடிவத்தை அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்து இறக்குங்கள். செவன்-ஜிப் மென்பொருளால் விரித்து, டி டிரைவின் மேல்மட்டத்திலேயே வையுங்கள். மாடல் ஃபைல் ஏறக்குறைய 7 ஜிபி. ஃபைலின் வால் பெயர் சேஃப்டென்சர்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய சிகேபிடி வகை ஃபைலுக்குள் கெட்ட நிரலை ஒளித்து வைக்க முடியும்; சேஃப்டென்சர்ஸில் அந்த ஆபத்து இல்லை. இறக்கிய ஃபைலை மாடல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் செக்பாயின்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். பிறகு என்விடியா ஜிபியூ என்று பெயர் கொண்ட பேட் ஃபைலை இரண்டு முறை தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், சிறிது நேரத்தில் பிரவுசரில் 127.0.0.1:8188 என்ற முகவரி வரும். கறுப்பு ஜன்னலை மூடிவிடாதீர்கள், அதுதான் எஞ்சின். எங்கள் அறையில் அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாத குறை.

திரையில் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் தெரியும். முதல் முறை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் புரிந்தது, நாலு கலர் மிஷினில் தாள் யூனிட் யூனிட்டாகப் போவதைப் போலத்தான் இதுவும். முதல் பெட்டி மாடலை ஏற்றும். அடுத்த இரண்டில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதுவோம். ஒரு பெட்டியில் அளவு. கேசாம்ப்ளர் என்ற பெட்டிதான் படத்தைச் செதுக்குகிறது. அதன் பின் ஒரு பெட்டி அதை நாம் பார்க்கும் படமாக மாற்றும், கடைசிப் பெட்டி சேமிக்கும். நிறுவியதும் ஒரு மாதிரி வரிசை தயாராகவே இருக்கும்; மாடல் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

கேசாம்ப்ளரில் நான் வைத்திருப்பது: ஸ்டெப்ஸ் (எத்தனை சுற்றில் செதுக்க வேண்டும்) 28, சிஎஃப்ஜி (நம் சொல்லை எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும்) 6, டீநாய்ஸ் (எவ்வளவு தூரம் புதிதாக வரைய வேண்டும்) 1. சிஎஃப்ஜியை ஏற்றினால் சொன்னதை அப்படியே செய்ய முயலும், ஆனால் நிறம் எரியும். பின்னணிக்கு அந்த எரிச்சல் ஆகாது. முன்னால் இருக்கும் சாமியின் நகையோடு போட்டி போடும்.

சொற்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த மாடல் படித்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கில விளக்கங்கள். அதிலும் நம்மூர்ச் சொல் அதற்குப் புரிவதில்லை. கோலம் என்று அப்படியே எழுதினால் வடநாட்டு ரங்கோலி வருகிறது. தெப்பக்குளத்துக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் சொல்லைப் போட்டபோது சிமென்ட் தொட்டி வந்தது. அதனால் பெயரைச் சொல்லாமல் பொருளை விவரியுங்கள்: நான்கு பக்கமும் கருங்கல் படி, நடுவில் தூண்கள் உள்ள சின்ன மண்டபம், பச்சை நீர், காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து. வெயில் எந்தப் பக்கம் என்று எப்போதும் எழுதுங்கள். ஓவியர் வரைந்த உருவத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதே பக்கம் பின்னணியிலும் இருந்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் எத்தனையோ படங்களைக் கழித்திருக்கிறோம்.

கோபுரத்துக்குச் சொல் மட்டும் போதாது. எவ்வளவு விவரித்தாலும் தாய்லாந்துக் கோயிலுக்கும் நம் கோயிலுக்கும் நடுவில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு உதவுவது கன்ட்ரோல்நெட். 2023 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. நம் புகைப்படத்தின் கோட்டு வடிவத்தை எடுத்து, மாடலை அந்தக் கோட்டுக்குள் நடக்க வைக்கும். விடுமுறையில் போய் நானே எடுத்த கோபுரப் படங்களைக் கொடுக்கிறேன். இன்னொருவர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தக் கோட்டின் பிடி எவ்வளவு என்பதற்கான வலு 0.65, எந்தக் கட்டம் வரை அந்தப் பிடி என்பதற்கான முடிவு 0.7 என்று வைத்தால் கோபுரத்தின் நிலைகள் ஒழுங்காக நிற்கின்றன, வானமும் மரமும் மட்டும் மாடலின் விருப்பத்துக்கு விரிகின்றன. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக் கிட்டத்தில் பார்த்தால் குழம்பித்தான் இருக்கும். அதனால் கோபுரத்தைத் தூரத்தில், மஞ்சில் வையுங்கள்.

அளவு

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். திரையில் அழகாக இருந்த படம் 15-க்கு 20 அங்குலத் தாளில் கூழாகிவிடும். கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் அந்தத் தாளுக்கு 4500-க்கு 6000 புள்ளி தேவை. இந்த மாடல் பழகியதோ 1024-க்கு 1024 என்ற பரப்பளவில். நேராக 4500 கேட்டால் ஒரே படத்தில் இரண்டு சூரியன், அடுக்கடுக்காக நாலு குளம் என்று திரும்பத் திரும்பப் போடும்.

நான் மூன்று படியாகப் போகிறேன். முதலில் 896-க்கு 1152. பிடித்த படம் கிடைத்ததும் அதை ஒன்றரை மடங்காக்கி, 1344-க்கு 1728-இல், இன்னொரு கேசாம்ப்ளர் வழியாக டீநாய்ஸ் 0.35 வைத்து ஓட்டுகிறேன். இலையும் கல்லும் இந்தப் படியில்தான் தெளிவாகின்றன. 0.5-க்கு மேலே போனால் படமே மாறத் தொடங்கும். மூன்றாவதாக, ரியல்-இஎஸ்ஆர்கேன் என்ற பெரிதாக்கும் மாடலால் நான்கு மடங்கு. கிடைப்பது 5376-க்கு 6912. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, தாளை வெட்டும்போது போகிற மூன்று மில்லிமீட்டர் ப்ளீடும் விட்டு, 15-க்கு 20-இல் தாராளமாக 300-க்கு மேலே நிற்கிறது.

முதல் படியை மட்டும் நாற்பது, ஐம்பது முறை ஓட விடுங்கள், எங்கள் கார்டில் ஒரு படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அடுத்த இரண்டு படிகளும் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று படங்களுக்கு மட்டும் போதும்.

திரும்பவும் அதே படம்

ஏஜென்ட் போன் செய்வார்: "பார்ட்டிக்கு அந்தத் தாமரைக்குளம் பிடிச்சிருக்கு, வானம் மட்டும் கொஞ்சம் கூட வேணுமாம், கடைப்பெயர் பெரிசாப் போடணும்." முதல் சீசனில் எனக்கு இப்படி ஒரு போன் வந்தது. படம் இருந்தது, அதை உருவாக்கிய எண் இல்லை. அந்தக் குளத்தைத் திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் முயன்றும் முடியவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் சீட் என்று ஒரு எண் உண்டு. அதே மாடல், அதே சொற்கள், அதே அளவு, அதே அமைப்பு, அதே சீட் இருந்தால் அதே படம் திரும்ப வரும். கேசாம்ப்ளரில் சீட் எண் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தானாக மாறும்படி இருக்கும். ஆகவே படம் வந்த பிறகு திரையில் நிற்பது அடுத்த படத்துக்கான எண்ணாக இருக்கலாம். நான் முதலில் குறித்து வைத்த எண்கள் பாதி அப்படித்தான் தவறிப்போயின. படம் பிடித்துவிட்டால் அந்த அமைப்பை நிலையானது என்று மாற்றிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கம்ஃபி யூஐ சேமிக்கும் பிஎன்ஜி ஃபைலுக்குள்ளேயே பெட்டிகள், சொற்கள், எண்கள் எல்லாம் பதிந்திருக்கும். அந்த ஃபைலை இழுத்துத் திரையில் போட்டால் முழு வரிசையும் அப்படியே திறக்கும். ஆனால் அதை ஜேபிஜியாக மாற்றினாலோ வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலோ இந்தப் பதிவு போய்விடும். பார்ட்டிக்கு அனுப்ப வேறு பிரதி எடுங்கள். மூல பிஎன்ஜி ஜாப் நம்பர் போட்ட ஃபோல்டரில் இருக்கட்டும். எங்கள் ஜாப் கார்டில் இப்போது பேப்பர் ஜிஎஸ்எம், லேமினேஷன் என்று எழுதும் இடத்துக்குக் கீழே சீட் எண்ணுக்கும் மாடல் பெயருக்கும் ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறோம்.

சீசன் நடுவில் கம்ஃபி யூஐயை அப்டேட் செய்யாதீர்கள். சித்திரையில் ஒரு முறை அப்டேட் செய்து, சோதித்து, முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டுப் பொங்கல் வரை தொடாமல் விடுகிறோம். முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கூடுதல் பெட்டிகளையும் கண்டபடி சேர்க்க வேண்டாம். 2024-இல் அப்படி ஒரு கூடுதல் பெட்டி பயன்படுத்தியவர்களின் கடவுச்சொற்களைத் திருடியது தெரியவந்தது. அச்சக பேங்க் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் இதை வைக்காதீர்கள்.

நாலு கலருக்கு

கருவி தருவது திரைக்கான ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆன நிறம். மயில் கழுத்து நீலமும் இளம்பச்சையும் திரையில் மின்னும், நாலு கலருக்கு மாற்றியதும் மங்கிவிடும். ஒரு முறை அதைக் கவனிக்காமல் புரூஃப் வரை போய், நீல வானம் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. இப்போது ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்ததுமே எங்கள் பிரஸ்ஸின் ப்ரொஃபைலை (அதில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) வைத்து அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்துவிட்டுத்தான் நிறம் திருத்துகிறேன். நீலத்தில் மெஜந்தாவைக் குறைத்தால் வானம் வானமாக வரும். இருட்டான மூலைகளில் நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும் என்று மிஷின்மேன் அண்ணன் வந்து நிற்பார்.

வானத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மெல்ல மெல்ல நிறம் மாறும் இடம் அச்சில் பட்டை பட்டையாகத் தெரியும். பெரிதாக்கிய பிறகு இரண்டு சதவீத அளவுக்கு நாய்ஸ் என்ற மணல் போன்ற புள்ளிகளைச் சேர்த்தால் அது மறைகிறது. கண்ணுக்கு அந்த மணல் தெரியாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓவியரின் உருவத்தை வைக்கிறேன். காலடியில் நிழல் கையால் போடுகிறேன். புரூஃப் எடுத்ததும் முதலில் பைண்டிங் அக்காவிடம் கொடுக்கிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைகளை எண்ணி, ஆயுதங்களைப் பார்த்து, தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாத புரூஃபைப் பிளேட் போடும் தம்பி வாங்க மாட்டான்.